மூங்கிலில் பறந்த சிவப்புத் தமெயின்

யங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை. அதனால் அரிசோனாவிலிருந்து வந்த அத்தை மகனுக்காக, அண்ணன் எங்களைப் படகில் அக்கரைக்குக் கூட்டிப்போனான். அறுவடை முடிந்த வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. வாடகைக்கு ஒரு வண்டி எடுத்தோம். அத்தான் ஓட்ட, அண்ணன் பின்னால் உட்காருவதாகப் பேச்சு. நான் வழக்கம்போல பைகளுக்குக் காவல்.

“எங்க பாலைவனத்துல மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் வர்றவங்களுக்குத் தெரியணும்னு வண்டியில உயரமா கொடி கட்டுவோம்,” என்றார் அத்தான், வண்டியில் ஒரு மூங்கிலைச் செருகியபடி. “பளிச்சுனு துணி இருக்கா?”

பையில் என் மாற்றுத் தமெயின் இருந்தது; நாங்கள் இடுப்பில் உடுத்தும் துணி, நல்ல சிவப்பு. பெண்களின் தமெயினுக்கு அடியில் போனால் ஆண்களின் மகிமை போய்விடும் என்று இங்கே நம்புவார்கள். அத்தானுக்கு அது தெரியாது. என்னதான் நடக்கும் பார்ப்போமே என்று பேசாமல் எடுத்துக் கொடுத்தேன்.

கொடி படபடத்தது. அண்ணன் இரண்டடி பின்வாங்கினான்.

“நான் வரல. நீயே போ, தங்கச்சி.”

ஏறி உட்கார்ந்தேன். வரப்பில் வண்டி துள்ளியபோது பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இப்போதும் அக்கரைக்குப் போனால் அந்தத் தமெயினை மறப்பதில்லை. ஓட்டுவது மட்டும் நான்.