வலப்பக்கம் மூன்று எட்டு

கொளஞ்சி அண்ணன் எங்கள் கடைக்கு வந்து முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, பிளேன் ஓட்டுற கேமுக்குக் கண்ணுல மாட்டுவாங்களே, அதுல எதப் போட்டா கீழ தரை நல்லா தெரியும்?"

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டின் மேலேயே இருக்கிறது கடை. கம்ப்யூட்டர் விற்போம், ரிப்பேர் பார்ப்போம், மூலையில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் உண்டு. நான் இங்கே சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. என் அப்பா விழுப்புரம் பக்கத்தில் கரும்பு வெட்டப் போனவர். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. அதனாலோ என்னவோ, யாராவது ஒரு பொருளைப் பற்றிக் கேட்டால் தெரிந்ததையெல்லாம் சொல்லி முடிக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

அன்றைக்கும் சொன்னேன். வி.ஆர் ஹெட்செட்டில் என்னென்ன வகை, எதில் லென்ஸ் எப்படி, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும், எது தலைக்குப் பாரம் என்று பத்து நிமிடம் பேசினேன். விமானம் ஓட்டிப் பழகுகிறவர்களுக்குப் படம் துல்லியமாக இருப்பதுதான் முக்கியம், எதிரே இருக்கும் மீட்டர்களின் எண்களைப் படிக்க முடிய வேண்டும் என்றேன்.

"மீட்டரெல்லாம் எனக்கு வேணாம் தம்பி. பைலட்டு சீட்டுல குந்திக்கினு ஜன்னல் வழியா கீழ பாக்கணும். அவ்ளோதான்."

முதலாளி முருகையன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஊர்ல எல்லாரும் மேல பறக்கறதுக்கு இத வாங்குறான். இவரு கீழ பாக்கறதுக்குக் கேக்குறாரு. எடுத்துக் குடுடா இன்ஜினியரு."

கொளஞ்சி அண்ணன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே நான்காக மடித்த கடிதம். "இங்கிலீஷு. படிச்ச புள்ளதான நீ. ஒரு தடவ படி" என்றார்.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. முத்தியால்பேட்டையில் வீடு. அப்பா மில் தொழிலாளி. மில் மூடியபோது இவர் பத்தாவதைப் பாதியில் விட்டார். பெயின்ட் அடித்தார், தண்ணீர் கேன் போட்டார், கல்யாண மண்டபங்களுக்குச் சேர் ஏற்றினார். பிறகு ஒரு சொந்தக்காரர் மூலமாக வெளியூர் விமான நிலையம் ஒன்றில் ஒப்பந்த வேலை கிடைத்தது. எந்த ஊர் என்று எழுதாதே என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. ஒன்பது வருடம் அங்கே இருந்தார். மாதம் இரண்டு தடவை பஸ் ஏறி வீட்டுக்கு வருவார்.

அவருடைய வேலை விமானத்தின் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. விமானம் வந்து நின்றதும் குனிந்து ஓடி, மூக்குக்குக் கீழே இருக்கும் சக்கரத்தின் முன்னாலும் பின்னாலும் மஞ்சள் பெயின்ட் அடித்த கட்டைகளைச் செருக வேண்டும். பிறகு வெளியே வந்து நின்று பைலட்டுக்குச் சைகை காட்ட வேண்டும். இரண்டு கைகளையும் முஷ்டியாக மடக்கி, கட்டை விரல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி உள்பக்கம் நீட்ட வேண்டும். மேலே பைலட் தலையை ஆட்டுவார். அதன் பிறகுதான் பிரேக்கை எடுப்பார்கள், கதவைத் திறப்பார்கள். ஒன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை காட்டியிருப்பேன் என்று தெரியாது என்றார். ஒரு தடவைகூட விமானத்துக்குள் ஏறியதில்லை.

கடிதத்தைப் படித்தேன். போன சித்திரை வெயிலில் நடந்தது அதில் இருந்தது. மதிய விமானம் வந்து நின்றது. கட்டை வைத்ததற்கான சைகை வரவில்லை என்று தலைமை பைலட் பதினொரு நிமிடம் கதவைத் திறக்க விடவில்லை. உள்ளே ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். விசாரணையில் தலைமை பைலட், தான் பார்த்தபோது அங்கே யாருமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தக் கம்பெனி கொளஞ்சியை வேலையை விட்டு நிறுத்தியது. கடைசி வரியைத் தமிழில் சொன்னேன்: "வேலை செய்ய வேண்டிய இடத்துல ஆள் இல்லைன்னு போட்டிருக்காங்கண்ணே."

"நான் இருந்தேன்" என்றார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மணி கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

தொழிலாளர் அதிகாரியிடம் மனு கொடுத்திருந்தார். விசாரணைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பைலட் இருக்கையிலிருந்து பார்த்தால் தான் நின்ற இடம் தெரியும் என்று காட்ட வேண்டும். நிஜ விமானத்தில் யார் ஏற்றுவார்கள்? கேமில் உள்ளே உட்கார்ந்த மாதிரியே இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்திருந்தார்.

கடையில் அப்போது மூன்று ஹெட்செட்டுகள் இருந்தன. நான் பெரிதாகப் பேசிய துல்லியமான ஒன்று. வயர் இல்லாத லேசான ஒன்று. மூன்றாவது பழையது, ஹெல்மெட் கனம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா ஒருவரின் பேரன் பாரீசுக்குக் குடிபோகும்போது விற்றுவிட்டுப் போனது.

முதலில் துல்லியமானதை மாட்டிவிட்டேன். கண்ணுக்குக் கண் உள்ள தூரத்தை அளந்து லென்சை நகர்த்தினேன். அவர் வேலை பார்த்த அதே ரகம், இறக்கையில் காற்றாடி வைத்த விமானம், சிமுலேட்டரில் இருந்தது. ஓடுதளத்திலிருந்து நானே ஓட்டி வந்து நிறுத்துமிடத்தில் நிறுத்தினேன். அவர் இடப்பக்க இருக்கையில், தலைமை பைலட்டின் இடத்தில் இருந்தார்.

விமானம் நின்றதுதான் தாமதம். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து, குனிந்து, இரண்டு கைகளையும் தரைக்குக் கொண்டுபோய் எதையோ செருகினார். வயர் இழுத்து மானிட்டர் ஆடியது.

"யோவ்! பைலட்டே எறங்கிப் போயி கட்ட வெச்சா எப்புடிய்யா?" என்று முருகையன் ஓடி வந்து மானிட்டரைப் பிடித்தார். "வயரு போச்சுன்னா இவன் டிகிரிய வித்துத்தான் கட்டணும்!"

"பழக்கத்துல வந்துட்டேன்" என்றார் கொளஞ்சி அண்ணன், ஹெட்செட்டைக் கழற்றாமலே. திரும்ப உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து ஜன்னலில் பார்த்தார். "ரெண்டு பக்கமும் கறுப்பா மறைக்குது தம்பி. மாட்டுவண்டிக் குதிரைக்குக் கண்ணுல கட்டுவாங்களே…"

"குதிரை வண்டிண்ணே."

"அதான்."

படம் துல்லியம், பார்க்கும் கோணம் குறைவு. அதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. விளக்கத் தாளில் முதலில் இருந்த எண்ணைப் பார்த்து இதுதான் நல்லது என்று சொல்லியிருந்தேன்.

வயர் இல்லாததை மாட்டினேன். இதில் எட்டிக் குனிந்து பார்க்க முடிந்தது, ஆனால் தரை கலங்கலாக இருந்தது. சிமுலேட்டரே நிறுத்தி வைத்திருந்த ஊழியர் பொம்மை ஒன்று முன்னால் நின்று கையாட்டியது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"இவனுக்கு யாரு வேல சொல்லிக் குடுத்தது? இவ்ளோ கிட்டவா நிப்பான்? காத்தாடி சீவிடும்."

அன்று எதையும் முடிவு செய்யாமல் போனார். போகும்போது நான் கேட்டேன், சரியாக எங்கே நின்றீர்கள் என்று. யோசிக்காமல் சொன்னார்: "மூக்குச் சக்கரத்துலேர்ந்து வலப்பக்கம் மூணு எட்டு. முன்னால ஒரு எட்டு."

அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்தால் தெளிவாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. சிமுலேட்டரில் நாமே பொருட்களை வைக்க வழி உண்டு. அவருடைய எட்டு எவ்வளவு என்று அவரைக் கடை வாசலில் நடக்க விட்டு டேப்பில் அளந்தேன். இரண்டு நாள் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சு நிறக் கூம்பை அதே இடத்தில் ஆள் உயரத்துக்கு வைத்தேன். நல்ல வேலை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை மனைவியையும் கூட்டி வந்தார். பூவிழி அக்கா பெரிய மார்க்கெட்டில் கீரைக் கடை போடுகிறவர். கடையை அடுத்த கடைக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். சேலையில் கொத்தமல்லி வாசம்.

"இதப் போட்டுக்கினா வேல திரும்பக் கெடச்சிடுமா தம்பி?" என்றார்.

"தெரியலக்கா. மொதல்ல அண்ணன் பாக்கட்டும்."

இந்தத் தடவை கனமான பழையதை எடுத்தேன். அதில்தான் பார்வை ஏறக்குறைய காதுவரை விரியும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனிக்கும் இரண்டு சிறிய பெட்டிகளைச் சுவரில் மாட்டி, இருக்கையைச் சரி செய்து, விமானத்தை நிறுத்தினேன். அவர் எழவில்லை. கைகளைத் தொடையின் மேல் வைத்துக்கொண்டார்.

நேராகப் பார்த்தார். வலப்பக்கம் திரும்பினார். முன்னால் சாய்ந்தார். பாதி எழுந்து பார்த்தார். மீண்டும் உட்கார்ந்தார். அவர் பார்ப்பது எனக்கு மானிட்டரில் தெரிந்தது. மீட்டர் பலகையின் மேல்விளிம்பு, துணை பைலட்டின் தோள், வலப்பக்க ஜன்னலின் சட்டம். கூம்பு எங்கும் இல்லை.

"இன்னாய்யா, தெரியுதா?" என்றார் பூவிழி அக்கா.

அவர் இடப்பக்கம் கையைக் காட்டினார். "தம்பி, அந்தக் கூம்ப இந்தாண்ட, இடப்பக்கம் வையி" என்றார்.

மாற்றினேன். சாயக்கூட வேண்டியிருக்கவில்லை, ஜன்னலில் பளிச்சென்று நின்றது. மற்ற இரண்டு ஹெட்செட்டுகளையும் கேட்டு வாங்கி மாட்டிப் பார்த்தார். கலங்கலானதிலும் தெரிந்தது, குதிரைக்குக் கட்டியதிலும் தெரிந்தது. எந்த ஹெட்செட் என்பதில் ஒன்றுமே இல்லை.

"ரூல்படி எங்கண்ணே நிக்கணும்?" என்று கேட்டேன்.

"இடப்பக்கம் முன்னால. கேப்டனு கண்ணு பட்ற எடம்."

"அப்புறம் ஏன் வலப்பக்கம் நின்னீங்க?"

"நெழலு தம்பி."

மதிய விமானம் நிற்கும் இடத்தில் வெயில் இடப்பக்கம் அடிக்குமாம். சிமெண்டுத் தரை கொதித்து பூட்ஸின் அடி இளகுமாம். விமானத்தின் நிழல் வலப்பக்கம் விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கூட இருந்தவர்கள் அவரை அங்கே இழுத்து நிறுத்தினார்கள். எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். வலப்பக்க இருக்கையில் இருக்கும் துணை பைலட் பார்த்துத் தலையாட்டுவார், தலைமை பைலட்டிடம் சொல்லிவிடுவார். ஒன்பது வருடம் அப்படியே ஓடியது. அந்த மதியம் துணை பைலட் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கொளஞ்சி அண்ணன் பதினொரு நிமிடமும் நிழலில் நின்றபடி, கட்டை விரல்களை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அந்தாண்ட போயி காட்டியிருக்கலாமேய்யா" என்றார் பூவிழி அக்கா.

"தோணல."

வெளியே விழுப்புரம் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துப் போனது. நான்தான் வாயைத் திறந்தேன். "அண்ணே, இடப்பக்கம் நின்னேன்னே சொல்லிடுங்க. கூம்ப அங்கியே வெச்சி வீடியோ எடுத்துத் தரேன். ஆபீசருக்கு எப்புடித் தெரியும்?"

"நல்லாப் படிக்க வெச்சாங்கடா ஒன்ன" என்றார் முருகையன், கல்லாவிலிருந்து நிமிராமல்.

கொளஞ்சி அண்ணன் என்னைத் திட்டவில்லை. "நான் நின்னது அங்க இல்லியே தம்பி" என்றார். பிறகு, "பழைய எடத்துல வையி. என்னைய வலப்பக்க சீட்டுல குந்த வையி" என்றார்.

வைத்தேன். துணை பைலட்டின் ஜன்னலில், விமானத்தின் நிழலுக்குள், அந்தக் கூம்பு நின்றது. ஓர் ஆள் நிற்பது போலவே இருந்தது. அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை, மிகச் சிறியதாக, தலையை ஆட்டினார். கழற்றி என் கையில் கொடுத்தபோது நெற்றியில் பட்டையின் தடம் சிவந்து பதிந்திருந்தது. முகத்தில் வேறொன்றும் இல்லை.

"எது வேணும்ண்ணே?" என்றேன். கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று பட்டது.

"எதுவும் வேணாம்பா. மூணும் நல்லாதான் இருக்குது."

இரண்டு மாதம் கழித்து வந்தார். இப்போது லாஸ்பேட்டையில் ஓர் அபார்ட்மென்டில் வாட்ச்மேன் வேலை. அதே பிளாஸ்டிக் கவர், உள்ளே புதுக் காகிதம். வேலை திரும்பக் கிடைக்கவில்லை என்று அவருக்கு முன்பே தெரியும், போனில் சொல்லிவிட்டார்கள். விசாரணையில் எதையும் மறைக்காமல், நின்ற இடத்தைக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். துணை பைலட்டையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் நிமிர்ந்தபோது வலப்பக்கம் ஓர் ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

"இன்னா போட்டிருக்கான், படி."

படித்தேன். விதிப்படி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காதது கொளஞ்சியின் தவறு, பணிநீக்கத்தில் மாற்றமில்லை, ஆனால் சம்பவ நேரம் முழுதும் அவர் விமானத்தின் அருகிலேயே இருந்தார், கட்டையும் வைத்திருந்தார், ஆள் இல்லை என்ற வரி நீக்கப்படுகிறது.

"இருந்தேன்னு போட்டிருக்குதா?"

"போட்டிருக்குண்ணே."

"எங்க?"

விரல் வைத்துக் காட்டினேன். தனக்குப் படிக்கத் தெரியாத அந்த இங்கிலீஷ் வரியின் மேல் அவரும் விரலை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக் குடு."

மெஷினைத் திறந்தேன். கல்லாவிலிருந்து முருகையன் கேட்டார்: "பழைய லெட்டரும் கவருல இருக்குதே, அதுக்கும் சேத்து எடுக்கட்டுமாய்யா?"

"அது வேணாம்" என்றார் கொளஞ்சி அண்ணன்.