அக்காவின் இடது கால்

சின்னவளுக்கு முகம் மறந்துபோகும், கால் மறக்காது. செருப்புக் கடையில் வருஷக்கணக்காக முட்டி தேய உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் செருப்பு மாட்டிவிட்டவள். தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பாள். குனிந்து அவர்கள் பாதத்தைப் பார்த்த பிறகுதான், "அட, நீங்களா! உங்களுக்கு ரெண்டாவது விரல் நீளமாச்சே" என்று வாயெல்லாம் பல்லாவாள். கல்யாணமாகி, காதோரம் நரைத்த பிறகும் வீட்டில் அவள் சின்னவள்தான். அவளுக்கு மூத்தவள் ஒருத்தி, தையல்காரி. அவள் பெரியவள்.

செருப்புக் கடையை இழுத்து மூடியபோது சின்னவள் ஒரு ரிஃப்ளெக்ஸாலஜி வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். உள்ளங்காலிலேயே உடம்பு முழுக்க இருக்கிறது என்றார் வாத்தியார். பெருவிரலில் தலை, நடுப்பாதத்தில் வயிறு, அதன் பக்கத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் கணையம். அமுக்கும்போது எங்கே வலிக்கிறதோ அங்கே அதற்குரிய உறுப்பு தகராறு செய்கிறது. நாள்பட அமுக்கி வலி குறைந்தால் உறுப்பு வழிக்கு வருகிறது. இவ்வளவுதான் பாடம். கடைசி நாளில் அவர் இன்னொன்றும் சொன்னார். "இது வைத்தியத்துக்குத் துணை. வைத்தியத்தை நிறுத்தச் சொல்லாதீங்க." சின்னவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் துண்டை விரிப்பதற்கு முன்னால், "மாத்திரையை நிறுத்தக் கூடாது, டாக்டர்கிட்ட போறதை நிறுத்தக் கூடாது, சரியா?" என்று தலையாட்ட வைத்துவிட்டுத்தான் காலைத் தொடுவாள்.

பியூட்டி பார்லருக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு முக்காலி, பவுடர் டப்பா, வெந்நீர் ஃபிளாஸ்க், சுவரில் கலர் கலராகப் பாதப் படம். பார்லரிலிருந்து ஹேர் டிரையர் சத்தம் வந்துகொண்டே இருக்கும். இதுதான் அவள் ராஜ்யம். அவள் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன், வாய் சும்மா இருக்காத மனுஷன்.

"காலை அமுக்குனா கல்லீரல் சரியாகுமாக்கும்! அப்போ நான் சுவத்தை அமுக்குறேன், லைட் எரியுதான்னு பாரு."

"வயர் சுவத்துக்குள்ளதானே போகுது?" என்பாள் இவள் வீம்பாக. சொல்லிவிட்டு, தான் சொன்னது சரியா என்று நாள் முழுக்கக் குழம்பிக்கொண்டிருப்பாள். ஸ்கூல் வேன் டிரைவர் ஒருவர் இடுப்பு வலி என்று வருவார். இவள் கட்டைவிரலை ஊன்றினதும் குறட்டை விடுவார். எழுந்து, "சொர்க்கம்மா!" என்று போவார். அது இடுப்பு சரியானதாலா, பாவம் அந்த மனுஷன் யாரும் தொந்தரவு செய்யாமல் கொஞ்ச நேரம் படுத்ததாலா? அவளுக்குப் பிடிபட்டதே இல்லை.

பிடிபட்ட ஒரே கால் பெரியவளுடையதுதான். பெரியவளுக்குச் சர்க்கரை. முதல் தடவை இடது காலில் கணையத்தின் இடத்தை அமுக்கியபோது அவள் போட்ட கூச்சலில் பார்லரிலிருந்து பாதி மேக்கப்போடு ஒருத்தி ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் மாதக்கணக்கில் வாரா வாரம் அமுக்கினாள். கூச்சல் முனகலானது. முனகல் அடங்கியது. ஒருநாள், "வலியே இல்லடி!" என்றாள் பெரியவள். சின்னவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பாடத்தில் சொன்னபடி அப்படியே நடந்துவிட்டதே! பெரியவளோ ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி கைராசி, சுகரே ஓடிப்போச்சு" என்று தம்பட்டம் அடித்தாள். சின்னவளின் வீட்டுக்காரர் வாயையும் அவள்தான் அடைத்தாள். "மாப்பிள்ளை, உங்க ஒயருக்கு இந்தக் கால் பதில் சொல்லும்" என்று பாதத்தை அவர் முன்னால் நீட்டுவாள்.

அன்றைக்கும் வழக்கம்போல வந்து சாய்ந்தாள். யாரோ ஒரு கஸ்டமர் ஜாக்கெட் கையை மூன்று தடவை பிரிக்கச் சொன்ன கதையைத் தொடங்கினாள். சின்னவள் வெந்நீரில் நனைத்த துண்டால் இடது காலைத் துடைத்தாள். குதிகாலருகே துண்டு எதிலோ மாட்டியது. குனிந்து பார்த்தாள். ஒடிந்த தையல் மெஷின் ஊசி. பாதி உள்ளே. சுற்றிலும் சிவந்து, பொதபொதவென்று வீங்கியிருந்தது. எத்தனை நாளாக இருக்கிறதோ!

"அக்கா, கால்ல ஊசி குத்தியிருக்கு!"

"எங்கடி?"

சின்னவள் கணையத்தின் இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். அமுக்கினாள். அப்புறம் தன் பலமெல்லாம் சேர்த்து அமுக்கினாள். பெரியவள் கஸ்டமர் கதையை முடித்துவிட்டு, "சரி, எப்போ ஆரம்பிக்கப் போறே?" என்று கேட்டாள்.

சின்னவள் கையை எடுத்துவிட்டாள். வலி போய்விட்டது என்று தான் சந்தோஷப்பட்டாளே, போனது வலியா, உணர்ச்சியா? குணம் என்று நினைத்ததுதான் நோயா? சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அது எப்போதும்போல் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது.

"மாத்திரை ஒழுங்காப் போடுறேல்ல?"

"மாத்திரையா? அது எதுக்கு? வலி நின்னதுமே விட்டுட்டேனே. நீதான் பாத்துக்கிறியே."

ஊர் பேர் தெரியாத ஆளுக்கெல்லாம் சொன்னதை அக்காவுக்கு மட்டும் அவள் சொல்லவில்லை. அக்காவுக்குப் போய் விதி வாசிப்பார்களா? வீட்டு மனுஷிதானே என்று நேரே காலைப் பிடித்துவிட்டாள். சின்னவளுக்குத் தன்னையே ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது.

"கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போடி இவளே! ஒரு ஊசிக்கா? பிடுங்கிப் போட்டுட்டு அமுக்கு. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், இப்போ நான் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா உன் பொழப்பு என்னாகும்? உன் வீட்டுக்காரர் சும்மா விடுவாரா?"

"என் பொழப்பு கெடக்குது. உன் காலைப் பாருக்கா!" என்று அழுதுகொண்டே கத்தினாள் சின்னவள். ஹேர் டிரையர் சட்டென்று நின்றது. சின்னவள் அழுது யாரும் அந்த அறையில் பார்த்ததில்லை. பெரியவள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள்.

வீட்டுக்காரர்தான் வண்டி கொண்டு வந்தார். வழியில் என்ன ஏதென்று கேட்டார். ஊசி குத்திவிட்டது என்று மட்டும் சொன்னாள் பெரியவள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியை எடுத்தார். சதையைச் சுத்தம் செய்தபோதும் பெரியவள் முகம் சுளிக்கவில்லை. விட்டத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார் டாக்டர். "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல டாக்டர். எனக்கே சோம்பேறித்தனம்" என்றாள் பெரியவள், பட்டென்று.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போக, நர்ஸ் வந்தாள். கையில் ஒரு பிடி, அதன் நுனியில் மீன் தூண்டிலில் கட்டுவதுபோல் விறைப்பான சின்ன நைலான் நரம்பு.

"கண்ணை மூடிக்கோங்கம்மா. இந்த நரம்பால கால்ல தொடுவேன். தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க. எவ்வளவு உணர்ச்சி இருக்குன்னு பாத்துத்தான் மருந்து எழுதுவாங்க."

பெரியவள் கண்ணை இறுக்கி மூடினாள். வாசலில் வீட்டுக்காரர் பதிவுச் சீட்டோடு வந்து நின்று இருமினார். அந்த இருமல் பெரியவளுக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

"தெரியுது" என்றாள் பெரியவள்.

நர்ஸ் அப்போதுதான் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியுது. இதோ, இதுவும் தெரியுது. நல்லாத் தெரியுதும்மா. என் தங்கச்சி வாரா வாரம் பாக்குறால்ல."

நர்ஸ் சின்னவளைப் பார்த்தாள். சின்னவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த உலகத்தில் தன்னை நம்பிய ஒரே ஜீவன், காலே போனாலும் பரவாயில்லை என்று தனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறது. வாசலில் நிற்கிற மனுஷனுக்குத் தன்னை ஆயுசுக்கும் கிண்டல் பண்ண விஷயம் கிடைக்கப் போகிறது. கிடைக்கட்டும்.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியல சிஸ்டர்" என்றாள், வாசலுக்கும் கேட்கும்படி. "ரொம்ப மாசமாவே தெரியல. வலி போச்சு, குணமாயிடுச்சுன்னு நான்தான் நெனச்சேன். மாத்திரையை நிறுத்தாதேன்னு நான் சொல்லவே இல்ல."

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை. அவர் உள்ளே வந்து, பெரியவளின் செருப்பு இரண்டையும் கட்டிலுக்கடியில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார்.

பெரியவள் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமையோரத்தில் தண்ணீர் கோத்து நின்றது.

"சரிடி" என்றாள் கடைசியில், சின்னக் குரலில். "இனி பொய் சொல்லல. ஆரம்பிக்கச் சொல்லு."

நர்ஸின் கையிலிருந்த நரம்பு, ஏற்கெனவே பெரியவளின் இடது பெருவிரலில் ஊன்றி வில்லாக வளைந்திருந்தது.