விதைநெல் தந்த அண்ணன்

வியாழக்கிழமை காலை 6.20க்கு யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறினேன். பளையில் தென்னந்தோப்புகள் முடிந்தன. ஆனையிறவில் இரு பக்கமும் தண்ணீர். அதைத் தாண்டினால் வன்னி. ரயில் பரந்தனில் நின்றபோது மணி 8.05.

என் தம்பி சண்முகம் ஏழு வருடங்களுக்கு முன் மனைவியையும் ஒரு வயது மகளையும் கூட்டிக்கொண்டு கண்டாவளைக்குப் போய்க் குடியேற்றக் காணியில் வயல் செய்தான். புறப்பட்ட அன்று, "காட்டுக்குப் போறவன் பிறகு என்ரை படலையைத் திறக்க வேண்டாம்" என்று சொன்னேன். கதிரையை விட்டு எழும்பவும் இல்லை. அவன் அதன்பின் வரவில்லை. "தம்பிக்கு எங்களை நினைக்க நேரமில்லை" என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம். ஒரு கார்த்திகையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். தந்தி வந்தபோது நான் கொழும்பில் கந்தோர் வேலையில் இருந்தேன். தகனத்துக்குப் போகாததற்குக் காரணம் அது. ஆண்டுத் திவசத்துக்குப் போகாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

போன வாரம் அவன் மனைவி தங்கம்மா கடிதம் எழுதியிருந்தாள். தைப்பூசத்தன்று முதல் கதிர் அறுத்துப் புது அரிசி பொங்கிப் புதிர் எடுக்கிறார்களாம். நான் வந்தால் நல்லதாம். அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருவதென்று புறப்பட்டேன்.

பரந்தன் சந்தியில் மாட்டுவண்டி பேசினேன். கண்டாவளைக்கு ஏழு மைல் என்று வண்டிக்காரர் சொன்னார். கூலி ஒன்றேகால் ரூபாய்.

"ஐயா ஆரிட்டைப் போறியள்?"

"சண்முகத்தின்ரை வீட்டை. நான் தமையன்."

அவர் கயிற்றை இழுத்து மாடுகளை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"விதைநெல்லு குடுத்து ரயிலேத்தி விட்ட அண்ணையோ? மூட்டையை நீங்களே தோளிலை சுமந்து வந்தனீங்களாம். இந்தத் தோளிலையோ?" என்று சிரித்தார். "உங்களைக் கும்பிடாமல் அந்த மனிசன் ஒரு பிடி விதைச்சதில்லை."

மாடுகளை மறுபடி ஓட்டினார். விளைந்த வயல்களுக்கு நடுவே வாய்க்கால் கூடவே வந்தது. எருமைகள் தண்ணீரில் கழுத்தளவு கிடந்தன. 10.40க்கு வண்டி நின்றது.

மண்சுவர் வைத்த, கிடுகு வேய்ந்த வீடு. முற்றத்தில் ஒரு பாலை மரத்தை மட்டும் தம்பி வெட்டாமல் விட்டிருந்தான். தங்கம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்ட நின்றாள்.

"பிள்ளை, இஞ்சை என்னைப் பற்றி என்ன கதை சொல்லியிருக்கிறான்?"

"வண்டிக்காரர் சொல்லிப்போட்டாரோ? அந்தாளுக்கு வாய் மூடாது." பிறகு மெல்லச் சொன்னாள்: "வந்த புதிசிலை பக்கத்துக் காணிக்காரர் எல்லாருக்கும் ஊரிலையிருந்து ஆக்கள் வந்து போவினம். எங்களுக்கு ஒருத்தரும் இல்லை. உனக்கு ஆருமில்லையோ எண்டு கேட்டவை. அண்டைக்குச் சொன்னவர், அண்ணைதான் நெல்லுத் தந்து விட்டவர் எண்டு. நெல்லு கிளிநொச்சியிலை கடையிலை வாங்கினது."

"நீ மறுத்துச் சொல்லேல்லையோ?"

"முதல் வருசம் கோவம் வந்தது. பிறகு ஒவ்வொரு புதிருக்கும் உங்களுக்கெண்டு ஒரு இலை போடுவார். போடப் போட நானும் நம்பிப்போட்டன், அத்தான்."

நான் சொல்ல வந்ததைத் தொடங்கினேன். "பிள்ளை, அவனைத் துரத்தினது என்ரை வாய்தான். இதை உன்ரை பெட்டைக்கும் சொல்லி..."

"வேண்டாம்." குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியும், அது காணும். அவளுக்குத் தேப்பன் இல்லை. பெரியப்பாவையும் எடுத்துக்கொண்டு போகாதேங்கோ."

கந்தோரில் இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் கூட்டலில் ஒரு சதம் பிழைத்தாலும் சிவப்பு மையால் திருத்தி வருகிறவன் நான். அன்று முழுவதும் வயல் வரம்பில் நடந்தேன்.

வெள்ளி காலை 7.10. வயலின் வடகிழக்கு மூலையில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். வீட்டுத் தலைவன்தான் முதல் கதிர் அறுக்க வேண்டும். அயலவர்கள் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கம்மா அரிவாளை என்னிடம் நீட்டினாள். கிழக்கே பார்த்து நின்று ஒரு பிடி அறுத்தேன். அந்தக் கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். புது அரிசியில் பொங்கிப் பாலும் வாழைப்பழமும் பிசைந்து இலைகளில் வைத்தார்கள். இத்தனை வருடமும் ஆளில்லாமல் இருந்த இலையில் நான் உட்கார்ந்தேன்.

சண்முகத்தின் மகளுக்கு இப்போது எட்டு வயது. எனக்கு எதிரே இருந்து என்னையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"பெரியப்பா, அப்பாவை ரயிலேத்தேக்கை நீங்கள் அழுதனீங்களோ?"

தங்கம்மாவின் அகப்பை பானைக்குள் அசையாமல் நின்றது.

"ஓம். அழுதனான்."

"என்ன சொன்னனீங்கள்?"

"போய்ச் சேர்ந்த உடனை கடிதம் போடு எண்டனான். வருசத்துக்கு ஒருக்காலாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா எண்டனான்."

"அதுக்கு அப்பா?"

"தலையாட்டினவன். ரயில் வெளிக்கிட்டாப் பிறகும் யன்னலாலை கை காட்டிக்கொண்டு போனவன்."

அவள் திருப்தியோடு மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டாள். அகப்பை மறுபடி அசைந்தது. என் இலையில் இன்னும் ஒரு கரண்டி விழுந்தது.

பிற்பகல் 3.45க்குப் பரந்தனில் ரயில் வந்தது. யாழ்ப்பாணத்தில் என் வீட்டில் பெரிய அறைகள் நான்கு உண்டு. எந்த அறையிலும் எனக்காக யாரும் இலை போட்டுக் காத்திருந்ததில்லை. ஆனையிறவில் தண்ணீர் வந்ததும் நாட்குறிப்பை எடுத்து மைல், நேரம், கூலி எல்லாம் எழுதினேன். பிறகு, ஏழு வருடங்களுக்கு முன் தம்பியை ரயிலேற்றி விட்டதையும் எழுதினேன். அவன் யன்னலோரம் இருந்தான். மூட்டை கனமாக இருந்தது.