கரண்ட் கம்பியைத் தொட்ட கிறிஸ்துமஸ் மரம்

கொடைரோடு நர்சரியில் அந்தக் கிறிஸ்துமஸ் மரக்கன்றைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுக்கடுக்காய்க் கிளை விரித்து, இடுப்பளவு உயரத்தில் அத்தனை அழகு! திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் நிஜ மரம் கிடையாது. போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று கேட் ஓரமாகவே நட்டேன். ஒவ்வொரு டிசம்பரும் எங்கள் வீட்டு ஸ்டார் அதன் உச்சியில்தான்.

நம்மூர் வெயிலைத் தாங்காது என்று பயந்தோம். மரமோ மாடியையே தாண்டிவிட்டது! போன வருடம் உச்சி மட்டும் கருகியது. வெயில்தான் காரணம் என்று குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினேன்.

அந்த டிசம்பரில் என் கணவர் மொட்டைமாடியில் நின்று, இரும்புக் குழாயின் முனையில் ஸ்டாரை மாட்டி உச்சியை நோக்கி நீட்டினார். எதிர்வீட்டு மேரி அக்கா தெருவிலிருந்து அலறினார்.

"தம்பி, குழாயக் கீழ போடுப்பா! மரத்துக்குள்ள கரண்டு கம்பி போகுது!"

குழாய் மாடித் தரையில் விழுந்த பிறகுதான் கவனித்தோம். கிளைகள் மறைத்திருந்த கம்பி, உச்சியை உரசிக்கொண்டிருந்தது. கருக்கியது வெயிலே இல்லை!

லைன்மேன் வந்து கரண்டை நிறுத்திய பிறகு மரத்தை வெட்டினோம். கேட் ஓரம் இப்போது, தோளுயரத்தில் கத்தரித்து வளர்க்கும் துஜா செடி.

ஆனாலும் ஆசை விடுமா? போன வாரம் அதே வகையில் இன்னொரு கன்று வாங்கிவிட்டேன்! வீட்டின் பின்பக்கம் கணவர் கடப்பாரையை ஓங்கும் முன், மேரி அக்காவையும் சேர்த்து மூவரும் அண்ணாந்து பார்த்தோம். வெறும் வானம்!

"இங்கனயே தோண்டுங்க" என்றேன்.