அந்தோனியார் பார்த்துக்கொண்டிருந்த கிளினிக்

சந்தேகப்படாத தாதி குடிநோய்ப் பிரிவில் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டாள். “சத்தியமா குடிக்கல மிஸ்” என்று சொல்கிற வாயில் ஏலக்காய் மணந்தால் எனக்கு உடனே மூக்கில் வேர்த்துவிடும். அதனால், சூசை தொடர்ந்து இரண்டு கிளினிக்குக்கு வராதபோது யாரோ அவரைத் தடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

சூசை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். முன்பு ஒருமுறை மருந்தில்லாமல் திடீரென்று குடியை நிறுத்தி, வெட்டிக்கொண்டிருந்த மரத்தடியிலேயே வலிப்பு வந்து விழுந்தவர். இன்னொரு தடவை அப்படி விழுந்தால் எழும்ப மாட்டார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயம் எனக்கு இருந்தது.

அவரைப் போன்றவர்கள் பஸ் பிடித்து மாத்தளை ஆஸ்பத்திரிக்கு வந்துபோனால் அன்றைய சம்பளம் போய்விடும். ஆகவே கிளினிக்கையே தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த அந்தோனியார் கோயிலை இதற்குச் சும்மா தந்தார்கள். ஆரம்பத்தில் நல்ல கூட்டம். ஈஸ்டருக்குப் பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

முதல் சந்தேகம் கடைக்கார முத்தையா மேல். முன்னால் அரிசி பருப்பு, பின்கட்டில் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம். நேரே போய்க் கேட்டேன்.

“எங்க ஆளுங்க மனச யாரு கலைச்சது?”

“நான் ஏன் மிஸ் கலைக்கிறேன்? சூசை இப்ப கோயில் ரோட்டாலயே வாறதில்ல. மலையச் சுத்திக்கிட்டுப் போறான்.”

கசிப்பு விற்கிறவன் பேச்சை யார் நம்புவார்? அங்கிருந்து சூசையின் லயத்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஸ்டெல்லா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அவரு வேலைக்குப் போயிட்டாரு மிஸ்.”

அவருடைய செருப்பு அவள் காலடியிலேயே கிடந்தது. இவளும் கூட்டா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். சூசை சுவரோடு சாய்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுங்கிய நடுக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. மறுபடியும் மருந்தில்லாமல் தானாகவே குடியை நிறுத்தியிருக்கிறார்.

“ஏன் கிளினிக்குக்கு வரல்ல?”

ஸ்டெல்லாதான் அழுதபடி சொன்னாள். “ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துல அந்தோனியார் சுரூபத்துல கை வச்சு, இனி தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுனாரு. ஈஸ்டர் அன்னைக்கே குடிச்சிட்டாரு. இவரு மட்டுமில்ல மிஸ், வராத ஆளுங்க எல்லாரும் அப்புடித்தான்.”

சூசை தலை நிமிரவில்லை. “ஒங்ககிட்டப் பொய் சொல்லலாம் மிஸ். அங்க அந்தோனியாரு பாத்துக்கிட்டே இருக்காரே.”

நான் பிள்ளையாரைக் கும்பிடுகிறவள். எனக்கு அந்தக் கோயில் காற்றோட்டமான ஒரு மண்டபம், அவ்வளவுதான். ஃபேன் இருக்கிறது என்று அந்தச் சிலைக்கு நேர் கீழேதான் மேசையைப் போட்டிருந்தோம். அந்தத் தோட்டத்தில் குடியை விட நினைக்கிறவர் முதலில் போவது அந்தோனியாரிடம். அவரிடம் தோற்றவர்தான் எங்களிடம் வருவார். தோற்ற இடத்துக்கே வரச்சொல்லி நாங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சூசையைக் கிளினிக் வேனில் ஏற்றி வார்டில் சேர்த்தோம். வலிப்பு வருவதற்கு முன்பே மருந்து ஏறியது. பிழைத்துக்கொண்டார்.

அடுத்த கிளினிக்கைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றினோம். ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்து முடிந்த பிறகு, பின்னேரத்தில். சூசை வந்து, பிள்ளைகளின் குட்டி வாங்குப் பலகையில் முழங்கால் முட்ட உட்கார்ந்தார். ஏலக்காய் மணந்தது.

“குடிச்சீங்களா?”

நாலு சுவரையும் பார்த்தார். ஒட்டியிருந்தது யானைப் படமும் மயில் படமும்தான். வாயிலிருந்த ஏலக்காயை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“ஆமா மிஸ். நேத்து கொஞ்சம். இனி மருந்து தர மாட்டீங்களா?”

“அதுக்குத்தானே வந்திருக்கோம்” என்றேன். குடியைப் பற்றி அந்த வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வேன்: தாராளமாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் வராத ஆளிடம் போவதற்கு முன்னால், அந்தச் சந்தேகத்தை நாம் மேசை போட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்.