கோழிக்கு இரண்டு கால்

சிம்பாங் அம்பாட் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது ரப்பர் விலை விழுந்தது. ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் முன், கங்காணி துரையின் உத்தரவைச் சொன்னார். நோயாளிகள் எல்லாரையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப் போகிறார்களாம்.

சாயங்காலத்துக்குள், கூலிக்காரர் வீடுகள் வரிசையாக இருந்த லயம் முழுக்க ஒரே பேச்சு. நோயாளிகளை அனுப்புகிறார்கள், நமக்கு நோய் இல்லை, அதனால் நம்மை அனுப்ப மாட்டார்கள். எல்லாருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் எரிச்சல். மலாக்காவில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தர்க்க நூல் ஒன்றோடு அப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சொன்ன இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவது உண்மையிலேயே கிடைக்கிறதா என்று வட்டம் போட்டுச் சோதிக்கக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் அது.

அக்காவும் அத்தானும் அதே எஸ்டேட்டில் பால் வெட்டினார்கள். இந்த நாட்டில் எனக்கு இருந்த சொந்தம் அக்கா ஒருத்திதான். சாப்பாடும் அவள் கையால்தான். அத்தானுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. உத்தரவு வந்த மறுநாளே அவர் ஆசுபத்திரியில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து வாங்குவதை நிறுத்தினார்.

"மருந்து குடிக்கிறவனெல்லாம் சீக்காளி. நான் குடிக்கல. அப்புறம் எப்படி என்னைச் சீக்காளின்னு சொல்லுவான்?" என்றார்.

அவர் மட்டுமல்ல, பாதி லயம் அப்படித்தான் நினைத்தது. காய்ச்சல்காரர்கள் உள்ளே இரண்டு சட்டை போட்டு நடுக்கத்தை மறைத்துக்கொண்டு பெரட்டில் நிமிர்ந்து நின்றார்கள். கங்காணி யாரையும் உற்றுப் பார்க்கவில்லை.

நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அனுப்பப்படுகிறவர்கள் ஒரு பெரிய வட்டம். அதற்குள் நோயாளிகள் ஒரு சின்ன வட்டம். சின்ன வட்டத்துக்கு வெளியே இருந்தாலும் பெரிய வட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளலாம் என்று காட்டினேன். அத்தானுக்கு ஏறவில்லை.

"சரி அத்தான். கோழிக்கெல்லாம் ரெண்டு கால். நீங்க கோழி இல்ல. அதனால உங்களுக்கு ரெண்டு கால் இல்லன்னு ஆயிடுமா?"

அக்கா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அத்தான் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப எங்கள அனுப்பிருவாங்கங்கிறியா?"

"அப்படியும் சொல்லல. நீங்க போடுற கணக்கு நிக்காதுங்கிறேன். மருந்தக் குடிங்க."

"அனுப்புவானா மாட்டானான்னு சொல்லத் தெரியல, வட்டம் மட்டும் போடுறான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா மச்சான்? போ, போய்ச் சாப்பிடு."

கணக்கு தப்பு என்று சொல்ல மட்டுமே அந்தப் புத்தகத்துக்குத் தெரியும். நடக்கப்போவதைச் சொல்ல அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அத்தான் போய்விட்டார். காலையில் வெட்டுக்குப் போனவரை மத்தியானம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு கொதித்தது, அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஒரு வாரத்தில் முடிந்தது. கடைசி வரை யாரும் அவரை நோயாளி என்று சொல்லவில்லை, ஊருக்கும் அனுப்பவில்லை. எஸ்டேட் சுடுகாட்டில் நான்தான் கொள்ளி வைத்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் போய் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன்.

கருமாதி முடிந்த கையோடு கங்காணி வந்தார். ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு இனி லயத்தில் இடம் கிடையாதாம், அடுத்த கப்பலில் அக்காவை ஊருக்கு அனுப்பச் சொல்லித் துரை சொல்லிவிட்டாராம். அவளை என்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஆபீசுக்கு நடந்தேன். வாத்தியாருக்குக் கொடுத்தது ஒற்றை அறை, அதில் இன்னோர் ஆள் கூடாது என்றார்கள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

புறப்படும் நாள் லாரி வந்து நின்றது. தொற்று நோயோடு யாரும் கப்பலேறக் கூடாது என்பதால் ஆசுபத்திரி டிரசர் ஒவ்வொருவராகச் சோதித்தார். அக்காவின் முறை வந்தது. கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு நோயும் இல்ல," என்றார். "நல்ல உடம்பு. ஏறிக்கம்மா."