மலை ஹோட்டலில் மச்சான்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலிலிருந்து சைகோனுக்கு ஜவுளிக்கடை வேலைக்குக் கப்பலேறினேன். கிளம்பும்போது என் அக்கா, நாங்கள் லாத்தா என்போம், கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“மச்சான நேர்ல பாத்துட்டு வந்து உள்ளதச் சொல்லு.”

அவள் கணவர் அந்தப் பக்கம் போய் வருஷக்கணக்காகியும் திரும்பவில்லை. பிள்ளையும் இல்லை. எங்கள் வழக்கப்படி பெண்ணுக்கென்று கட்டிக்கொடுத்த வீட்டில், மாப்பிள்ளையின் அறையைத் தினமும் பெருக்கிவைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். அவர் வேறு குடித்தனம் வைத்துவிட்டார் என்று ஊர் பேசியது. நான் லேசில் யாரையும் நம்புகிறவன் அல்ல. ஊரையும் நம்பவில்லை, மச்சானையும் நம்பவில்லை.

அவருக்குக் கம்போடியாவில் ஒரு மலைமேல் காவல் வேலை. பிரெஞ்சுத் துரைமார் வெயிலுக்குப் பயந்து கட்டிய பெரிய ஹோட்டல். சண்டை வந்ததும் அப்படியே போட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். சைகோன் கடையில் விடுப்பு வாங்கிக்கொண்டு அங்கே போனேன். எங்கள் ஊர்ப்பக்கத்து நெரவி வாய்க்கால் கரையைவிட உயரமாக எதிலும் ஏறியறியாத நான், லாரி அந்த வளைவுகளில் திரும்பத் திரும்பக் கம்பியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மச்சான் வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்தார். உடனே உள்ளே திரும்பி, அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ உரக்கச் சொன்னார்.

“யாருகிட்ட பேசுறீங்க?”

“நாய வெரட்டுனேன்.”

நாய் எதுவும் ஓடவில்லை.

எல்லாம் காட்டினார். ஒழுகும் நடனக்கூடம், பாசி பிடித்த குளியல் தொட்டிகள், கண்ணாடி போன ஜன்னல்களில் தாராளமாக வந்துபோகும் மூடுபனி. தன்னைத் தவிர ஈ காக்காய் இல்லை என்றார். சமையற்கட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் மட்டும் போகவிடாமல் தோளில் கைபோட்டு என்னைத் திருப்பிவிட்டார்.

“அங்க தரை வழுக்கும் தம்பி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தண்ணீர் எடுக்கப் போன சமயம் பார்த்து உள்ளே நுழைந்தேன். உத்தரத்தில் ஒரு துணித்தொட்டில் தொங்கியது. கைவைத்தேன், இளஞ்சூடு. மச்சான் பின்னால் வந்து நின்றார்.

“இந்த ஊர்ல பெரியவங்களே இதுலதான் படுப்பாங்க. என்னோடதுதான்.”

அது உண்மைதான், வழியெல்லாம் பார்த்திருந்தேன். ஆனால் துணி குழந்தையின் முகத்தை மூடாமலிருக்க நாம் குறுக்கே கொடுக்கும் தொட்டில்கம்பு அதில் இருந்தது. மீசை வைத்த ஆளுக்கு எதற்குத் தொட்டில்கம்பு?

கொல்லைக்கதவு திறந்து கிடந்தது. வெளியே வெறும் பனி. அதைத் தாண்டி நான் பார்க்கவில்லை. நேராக லாரிக்கு நடந்தேன்.

விடுப்பில் ஊர் வந்தபோது லாத்தா சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் மனம் உடைந்துவிடும் என்று பயந்து பொய் சொன்னேன்.

“மச்சான் ஒண்டியாத்தான் இருக்காங்க. பாவம்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“புள்ள ஆணா, பொண்ணா?”

தெரியாது, பார்க்கவில்லை என்று முனகினேன்.

“அவ்வளவு தூரம் போயிட்டு, அவங்க புள்ளயப் பாக்காமயா வந்தே?” என்று சீறினாள். அழுதது அதற்கப்புறம்தான்.